பன்னிரண்டாவது ஆள்

ஏப்ரல் லீவுக்கு நோர்வூட் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினொரு பேரோடு வடக்கே போன வேன், நாலாம் நாள் பன்னிரண்டு பேரோடு திரும்பி வந்தது. கூட வந்தவன் சின்னத்தம்பி. பதினைந்து வருடங்களுக்கு முன், சண்டையின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் செத்தவன். பின் சீட்டெல்லாம் கடல் தண்ணியாகிவிட்டதென்று சாரதி ஜெரோமி கொஞ்சம் முணுமுணுத்தான். ஹட்டனில் நிறுத்தியபோது எல்லோரோடும் சேர்ந்து சின்னத்தம்பியும் பிளேன்டீ குடித்தான். வேனில் அவனைப் பார்க்காத ஆள் ஒருத்திதான், அவனுடைய அக்கா வேலாயி.

பெற்றவள் போனபோது அவனுக்கு நாலு வயது. பத்து வயது வேலாயிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். பத்தொன்பது வயதில், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போனவன் திரும்பவில்லை. கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. காணாமல் போனவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, அவனுடைய படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். “உசுரோட இருக்கவனுக்கு அது எதுக்குங்க?” என்று எழுந்து வந்துவிட்டாள்.

பயணத்திலும் அப்படித்தான். ஆனையிறவில் சண்டையில் உருக்குலைந்த புல்டோசர் முன்னால் எல்லோரும் படம் எடுத்தார்கள், வழியில் துப்பாக்கி தூக்கிய சிப்பாய் சிலையைச் சுற்றிப் பார்த்தார்கள். முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் தங்கை நாகலெட்சுமி கற்பூரம் கொளுத்தி, அண்ணன் பெயரைச் சொல்லி அழுதாள். வேலாயி வேனைவிட்டு இறங்கவில்லை. அந்த அழுகை ஓய்ந்ததும் சின்னத்தம்பி கடலிலிருந்து ஏறி வந்து வேனில் உட்கார்ந்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அதன்பின் தினமும் சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடியும் நேரத்துக்கு அவன் நாகலெட்சுமியின் லயக் காம்பராவுக்கு வந்தான். லயத்தில் எல்லோரும் அவனோடு பேசினார்கள். வேலாயிக்கு வயிறு எரிந்தது. இந்தத் தங்கைக்காரி அவனுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பாளா, ஒரு கந்தோர் வாசலில் நின்றிருப்பாளா? வேலாயி தன் வீட்டில் ரொட்டி சுட்டு, கட்டசம்பல் இடித்து வைத்துக் காத்திருந்தாள். அது ஆறிப் போனது. ஒருநாள் பொறுக்க முடியாமல் தங்கை வீட்டுக்குள் நுழைந்தாள். நாற்காலி நனைந்திருந்தது, அதில் யாரும் இல்லை.

“இந்தா அண்ணன் உக்காந்திருக்கு பாருக்கா” என்றாள் நாகலெட்சுமி.

“ஏன்டா, எங்கிட்ட மட்டும் வரமாட்டேங்குற?” என்று வேலாயி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

நாகலெட்சுமி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நீ இன்னும் அத உசுரோட இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கியாம். தேடுற வரைக்கும் நான் எப்படி வர்றதுன்னு கேக்குது.”

ஒரு மாதம் வேலாயி தங்கையோடு பேசவில்லை. பதினைந்து வருடமாக எந்த அதிகாரியாலும் சாமியாராலும் முடியாததைக் கடைசியில் பொறாமை செய்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றினாள். “ஏந்தம்பி செத்துப் போயிட்டான்” என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அவள் அழுத அழுகைக்கு லயமே வந்து இழவு வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தது. முதலில் வந்து கட்டிக்கொண்டவள் நாகலெட்சுமிதான்.

சாயங்காலம் சின்னத்தம்பி தலை குனிந்து வாசலில் நுழைந்தான். மீசை நரைத்திருந்தது. பத்தொன்பது வயதுக்காரனையே இத்தனை காலம் தேடியிருந்த வேலாயி அதை எதிர்பார்க்கவில்லை.

“இவ்வளவு நாளாடா?” என்றாள்.

“ரொட்டி இருக்காக்கா?” என்றான்.

இப்போது அவன் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி வருகிறான். அக்கா வீட்டில் அதிக நேரம் இருப்பதாக நாகலெட்சுமிக்கு மனத்தாங்கல் உண்டு. வாசலில் உப்புத் தண்ணீர் தேங்கி மரக்கறிப் பாத்தி கருகுவதாக வேலாயி போன மாதம் தோட்டத்து வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்துவிட்டு, ஆள் அனுப்பி வாசலோரமாகத் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டிக் கொடுத்தார்.