வெள்ளைக்கண்ணியின் முட்டைகள்

பல் டாக்டர் கேட்டது ரெண்டே ரெண்டு பக்கம். அவர்தான் புறாப் பந்தயச் சங்கத்துக்குத் தலைவர். உங்கள் அத்தானைப் பற்றியும் அவருடைய வெள்ளைக்கண்ணிப் புறா வம்சத்தைப் பற்றியும் உங்களை விட்டால் யார் எழுதுவது என்று பெயிண்டரை நன்றாக ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதியே தலை நரைத்த மனுஷனுக்கு ரெண்டு பக்கம் ஒரு விஷயமா? அவரும் அப்படித்தான் நினைத்தார். காலையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர், மதியம் மூன்று மணிக்கு நாலு வரி எழுதி மூன்றை அடித்திருந்தார். அடிபடாமல் நின்ற ஒரே வரி, அத்தான் இறந்த தேதி.

எழுத்தில் மனசு நிற்காததற்கும் காரணம் இருந்தது. நாலு மணிக்குக் கோழிக்கடைக்காரர் வருகிறார். அக்காவும் மகளும் அடுத்த வாரம் இந்த வீட்டைக் காலி செய்து மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே பால்கனியில் ஆறு புறாவுக்குத்தான் இடம். மாடிக் கூண்டின் மேல் வரிசைப் பந்தயப் புறாக்களில் ஆறை அக்கா மகள் எடுத்துக்கொள்வது, மற்றதைச் சங்கத்தார் பிரித்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. கீழ் வரிசையில் இருந்த எட்டைத்தான் எவனும் சீந்தவில்லை. பந்தயத்தில் பறக்காத, அடுத்தவள் குஞ்சுக்கு ஊட்டி வளர்க்க மட்டும் வைத்திருந்த புறாக்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய? அதனால் கோழிக்கடை.

அக்கா மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் ரெண்டு தடவை கேட்டுத்தான் செய்வாள். நேற்றுக்கூட அவரிடம் கேட்டாள், வம்ச அட்டையெல்லாம் நீங்கள் எழுதியதுதானே மாமா, அப்பாவின் வம்சம் என்றால் இந்த மேல் வரிசைதானே, கீழே ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள், கீழ் வரிசையில் அந்த ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது என்று பெயிண்டர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நிமிர்ந்த நெஞ்சுக்கு ஆயுசு ஒரு நாள்கூட இல்லை, பாவம்.

அத்தான் லேத் பட்டறைக்காரர். இரும்பை நூலளவு பிசகாமல் கடைகிற ஆள், வீட்டில் ஒரு ஆணி அடிக்கமாட்டார். நேரமெல்லாம் புறாவுக்கு. பெயிண்டர் கல்யாணத்தன்று பந்தயப் புறா திரும்புகிற நேரம் என்று மாலை மாற்றுகிற சமயத்தில் கம்பி நீட்டினவர். ஒரு பந்தயத்தில் அறுநூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மழையில், பாதி இறக்கை பிய்ந்துபோய், அவருடைய பெட்டை ஒன்று வந்து சேர்ந்தது. மற்றவர்கள் புறா ஒன்றுகூட அன்று வீடு திரும்பவில்லை. கண்மணியைச் சுற்றி எல்லாப் புறாவுக்கும் ஆரஞ்சு நிறம் என்றால் இவளுக்குப் பால் மாதிரி வெள்ளை. வெள்ளைக்கண்ணி என்று பேர் வைத்து அத்தான் அன்றோடு அவளைப் பந்தயத்துக்கு விடுவதை நிறுத்தினார். இனி இவள் முட்டை போட்டால் போதும் என்றார்.

முட்டை விஷயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வெள்ளைக்கண்ணி அடைகாத்து, குஞ்சுக்கு ஊட்டி இளைத்துவிடக் கூடாது. ஆகவே அவள் ரெண்டாவது முட்டை போட்ட அன்றே அந்த ரெண்டையும் எடுத்துக் கீழ் வரிசை ஜோடிக்கு அடியில் வைப்பார். கூடு காலியாக இருந்தால் அவள் ஏங்கிப்போவாள் என்று கீழ் ஜோடியின் முட்டைகளை இவளுக்கு அடியில் வைப்பார். கீழே பொரித்தால் ராணிக் குஞ்சு, மேலே பொரித்தால் வேலைக்காரக் குஞ்சு. அவ்வளவுதான் சட்டம். முட்டை மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் என்ன என்று பெயிண்டர் கேட்டதற்கு, உள்ளே உயிர் இருக்கிறது, அது மேல் கிறுக்குவாயா என்று ஏறி விழுந்தார். அந்தக் காலத்தில் கூண்டுக்குள் கை வைக்க ரெண்டே பேருக்குத்தான் அனுமதி, அவருக்கும் பெயிண்டருக்கும். அக்கா கையில் மசாலா வாசம் இருக்குமாம், புறா மிரளுமாம்.

வெள்ளைக்கண்ணி போட்ட கடைசி முட்டைகள் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தியவை. அதன் பிறகு ஒரே மாசத்தில் அவளைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. முந்தைய குஞ்சுகளெல்லாம் பந்தயத்தில் தொலைந்திருந்தன. அந்த ரெண்டு முட்டையில் பொரித்த ஜோடியிலிருந்துதான் மொத்த வம்சமும். கோப்பைகள் குவிந்தன, உண்மை. ஆனால் அத்தானுக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு குஞ்சையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துக் கண்ணைப் பார்ப்பார். எல்லாம் ஆரஞ்சு. கண்ணு வரலையே, அவ கண்ணு எங்க போச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தன் பார்வையில்தான் கோளாறோ என்று டாக்டரிடம் போய்க் கண்ணாடிகூட மாற்றினார். சாகிற மாசம் வரைக்கும் அந்தப் புலம்பல் ஓயவில்லை. பெயிண்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சங்கத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார்.

அந்தக் கடைசி முட்டைகளில் ஆரம்பிக்கலாம் என்று பேனாவைத் திறந்தபோது அக்கா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னார்.

"ஆமா, அந்த முட்டைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்" என்றாள். "அவரு புறாவையெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் பந்தயம் விடப் போயிட்டாரு. உன்னை மாத்தி வைக்கச் சொன்னா நீ மதியம் வரைக்கும் வரல. வந்து குதிப்பாரேன்னு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு, நானே மேலயும் கீழயும் மாத்தி வச்சேன். கை வச்சேன்னு தெரிஞ்சா கொன்னுடுவாருன்னு யார்கிட்டயும் மூச்சு விடல."

பெயிண்டர் டீயை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். அன்று அவர் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தார். ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பலகை எழுதி முடிக்க நேரமாகிவிட்டது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் நேரே மேலே போய், மேல் முட்டையைக் கீழேயும் கீழ் முட்டையை மேலேயும் வைத்துவிட்டு வந்தார்.

சரி, அதனால் என்ன? அதனால் என்ன என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ரெண்டு தட்டை இழுத்தார். ஒன்றில் ரெண்டு உப்பு பிஸ்கட், இது வெள்ளைக்கண்ணி. இன்னொன்றில் ரெண்டு இனிப்பு பிஸ்கட், இது கீழ் ஜோடி. அக்கா மாற்றினாள் என்று ஒரு தடவை மாற்றினார். பிறகு நான் மாற்றினேன் என்று இன்னொரு தடவை மாற்றினார். உப்பு, உப்புத் தட்டிலேயே வந்து உட்கார்ந்தது. எங்கேயோ தப்பு என்று மறுபடி ஆரம்பித்தார். நடுவில் அக்கா என்ன ஏது என்று தெரியாமல் ஒரு இனிப்பு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துவிட்டாள், கணக்கு மறுபடி குழம்பியது. மூன்றாம் தடவையும் உப்பு தன் வீட்டுக்கே திரும்பி வந்தபோது தட்டுகளைத் தள்ளி வைத்தார்.

அப்படியென்றால் கீழே பொரித்தது கீழ் ஜோடியின் குஞ்சு. அதற்குத்தான் காலில் ராணி வளையம் மாட்டி, அழகான கையெழுத்தில் அட்டை எழுதி, இருபத்தாறு வருஷம் தூக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள். வெள்ளைக்கண்ணியின் சொந்தக் குஞ்சுகள் அவள் காலடியிலேயே பொரித்து, வேலைக்கார வளையம் மாட்டிக்கொண்டு, கீழ் வரிசைக்குப் போய், அடுத்தவன் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. அப்படியா? இல்லை, அன்று இருட்டில் மேல் கூட்டில் கை வைத்தோமா, பக்கத்துக் கூட்டிலா? அதுவும் இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. காலையில்வரை சத்தியம் பண்ணியிருப்பார்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. கோழிக்கடைக்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். அக்கா மகள் அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள். பெயிண்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொன்னால், சங்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிற வம்சப் படம் முதல் அவர் எழுதிய அட்டைகள் வரை அத்தனையும் குப்பை. ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் வெள்ளைக்கண்ணியின் ரத்தம் இன்னும் கால் மணி நேரத்தில் கத்திக்குப் போகும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார், வெட்கம்தான், ஆனாலும் நினைத்தார். பிறகு படியேறினார்.

எட்டுப் புறாவும் கூடைக்குள் போயிருந்தன. கடைக்காரர் மேலே வலை கட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் மூச்சு வாங்க, பிஸ்கட் கதையிலிருந்து ஆரம்பித்து, முன்னும் பின்னுமாக உளறிக்கொட்டினார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மகளுக்குப் புரிந்தது.

"மாமா, நேத்து ஒரு சொட்டுக்கூட இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேம்மா."

"இன்னிக்கு என்ன சொல்றீங்க? இருக்கா, இல்லையா?"

"தெரியலம்மா" என்றார். "மாறியிருக்கும்னுதான் தோணுது."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, அது எப்படித் தெரிந்துகொள்வது, வெள்ளைக்கண்ணிக்கு அப்படி என்னதான் அடையாளம் என்று கேட்டாள். இவரும் சொன்னார்: கண்மணியைச் சுற்றி ஆரஞ்சு இருக்காது, பாலாட்டம் வெளுப்பாக இருக்கும், உங்கப்பா ஆயுசு பூரா தேடினது அதைத்தானே என்று. அவள் முகம் மாறிப்போனது. குனிந்து வலையைப் பிரித்து, கூடைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு சாம்பல் பெட்டையை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கண் வெள்ளையாக இருந்தது.

இது மாதிரி இன்னும் ரெண்டு கூடைக்குள் இருக்கிறது என்றாள். கீழ் வரிசைக்கு எப்போதும் தீனி வைப்பது அவள்தான். அப்பாவுக்கு முட்டி தேய்ந்து கடைசிப் பதினைந்து வருஷமும் குனிய முடியவில்லை. அதற்கு முன்னாலும் முட்டை மாற்றுவதோடு சரி, கீழ் வரிசைப் புறாவின் கண்ணை அவர் பார்த்ததில்லை. அப்பா கண்ணு கண்ணு என்று புலம்பியதை இவள், அவர் கண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

"கண்ணுல பூ விழுந்திருக்குன்னு நினைச்சேன் மாமா. ஆஸ்பத்திரியிலருந்து சொட்டு மருந்து கொண்டுவந்து மூணு வருஷமா விட்டுட்டு இருக்கேன்."

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றார். இதுவே சாட்சி என்று சொல்லிவிட முடியுமா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பழைய கீழ் ஜோடிக்குக் கண் என்ன நிறம்? சேவலுக்கு ஒருவேளை வெள்ளையாகவே இருந்திருந்தால்? வேலைக்காரப் புறா கண்ணை அன்றைக்கு யார் பார்த்தார்கள்? அட்டையும் எழுதவில்லை. அக்கா மகள் மேல் வரிசையைப் பார்த்தாள். குட்டிப் பெண்ணாக இருந்ததிலிருந்து அவள் கையால் பறக்கவிட்டு, மழையில் காத்திருந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிய புறாக்கள். அப்போ இதெல்லாம் யாரோடது என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்றும் தெரியவில்லை. கடைக்காரர் எடுத்துப்போகவா வேண்டாமா என்றார். வேண்டாம், கூடை இருக்கட்டும், காலி பண்ணி நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். ஆறு இடத்தில் பதினாலை எப்படி வைப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அக்கா எப்போது படியேறி வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கை வச்சதாலயா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் லேட்டா வந்ததாலக்கா என்று பெயிண்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மகள் கையிலிருந்த பெட்டையை வாங்கினாள். முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்து, யாரும் பார்க்க அவள் ஒரு புறாவைக் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. புறா மிரளவில்லை. அவள் அதை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பெயிண்டர் பின்னாலேயே போனார்.

கூடத்துச் சுவரில் அத்தான் படம் இருந்தது, கண்ணாடி மாற்றிய பிறகு எடுத்தது. அக்கா குதிகாலை எக்கி, பெட்டையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தாங்க. நீங்க ஒண்ணும் குனிய வேணாம். பாருங்க."

திரும்பாமலே தம்பியிடம் கேட்டாள்.

"அவ கண்ணுதானேடா இது? நல்லாப் பாத்துச் சொல்லு. நீதான் அவளைக் கிட்டப் பாத்திருக்கே."

பெயிண்டர் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய அந்தக் கண்ணை மனசுக்குள் கொண்டுவரத் தன்னால் ஆனமட்டும் பார்த்தார்.

"தெரியலக்கா" என்றார்.

அவள் கையை இறக்கவில்லை.