ஊதா மெஷினும் பழுப்புப் பேட்டரியும்

அக்கா நீட்டும் ஸ்க்ரூ தம்பியின் உள்ளங்கையில் நிற்காமல் தரையில் விழத் தொடங்கிய வருடம், ப்ளைவுட் விலையும் ஏறியிருந்தது. தெருவில் இரண்டைப் பற்றியும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். ப்ளைவுட்டுக்காக வியாபாரிகளைத் திட்டினார்கள். ஸ்க்ரூவுக்காக அக்காவையும் தம்பியையும் திட்டினார்கள். ஒரே பட்டறையில் இரண்டு கம்பெனி மெஷின் வாங்கினால் வேறென்ன நடக்கும் என்று கேட்டார்கள்.

இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. அலமாரி, கதவு, சமையலறைப் பெட்டிகள் என்று வீடுகளுக்கு வேண்டிய மரவேலையெல்லாம் செய்தார்கள். அளப்பதும் அறுப்பதும் அக்கா, வீட்டுக்குப் போய் மாட்டுவது தம்பி. எதைச் செய்தாலும் அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் அக்கா கையெடுக்க மாட்டாள். அதனால் ஊரில் அவளுக்கு ரசமட்டம் என்றே பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் தலையிலும் அவள் அதை வைத்துப் பார்த்தாள், ஒருத்தர் குமிழியும் நடுவில் நிற்கவில்லை என்று கேலி செய்வார்கள். உண்மையோ பொய்யோ, அவள் தனியாகத்தான் இருந்தாள். தம்பிக்குக் கல்யாணமாகியிருந்தது. அவன் மனைவி தையல்காரி. பட்டறையை ஒட்டிய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து தைப்பாள்.

ஒயர் இழுத்து ஓடிய பழைய ட்ரில்லும் அறுக்கும் மெஷினும் அடுத்தடுத்துப் புகைந்து அடங்கியபோது, இனிமேல் பேட்டரி மெஷின்தான் என்று முடிவானது. பேட்டரியில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. முதலில் வாங்கும் ட்ரில் எந்தக் கம்பெனியோ, அப்புறம் வாங்கும் அத்தனையும் அந்தக் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணத்தில் அவசரப்படாத ரசமட்டம் இதிலும் அவசரப்படவில்லை. தச்சர்கள், பிளம்பர், கண்ணாடி போடுகிறவர் என்று பார்த்தவரையெல்லாம் விசாரித்தாள். ஒவ்வொருவரும் தான் வாங்கியதுதான் உசத்தி என்று அடித்துப் பேசினார்கள். காசைக் கொடுத்து ஏமாந்தேன் என்று எவன் வாயைத் திறந்து சொல்வான்? அதனால் அவள் கேட்பதை விட்டுவிட்டு, ரிப்பேர் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கம்பெனி நிற மெஷின் அதிகமாக உள்ளே போகிறது என்று வேடிக்கை பார்த்தாள். பழுப்பு போய்க்கொண்டே இருந்தது. ஊதா எப்போதாவது போனது, அதுவும் அன்றைக்கே சரியாகித் திரும்பியது. சந்தேகம் தீர்ந்து, ஊதா ட்ரில்லையும் ஊதா அறுக்கும் மெஷினையும் வாங்கிக்கொண்டு அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது, மேசைமேல் புத்தம்புதிதாக ஒரு பழுப்பு ட்ரில் உட்கார்ந்திருந்தது.

“டார்ச் லைட் சும்மா குடுத்தாங்கக்கா,” என்றான் தம்பி.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீ விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிரும். நானும் இந்தத் தொழில்ல இருக்கறவன்தானே? எனக்கு ஒண்ணும் தெரியாதா?”

அவள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை. கிழக்குச் சுவரில் ஊதா சார்ஜர் மாட்டினார்கள், மேற்குச் சுவரில் பழுப்பு. அந்த வருடம் முழுக்க ஊதாவோடு ஊதாவும் பழுப்போடு பழுப்பும் சேர்ந்துகொண்டே போயின. ஓய்ந்த நேரங்களில் அக்கா தன் சின்ன வீட்டை ஊதா மெஷின்களால் இழைத்தாள். கதவு, கட்டில், பரண், சமையலறை, எல்லாம் அவள் கைவேலை. அந்த வீட்டில் எந்த இழுப்பறையைத் தொட்டாலும் விரல் நுனிக்கே வெளியே வந்தது. தம்பி தன் வீட்டைப் பழுப்பு மெஷின்களால் செய்தான். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அதுவும் வீடுதான்.

ஒரு டாக்டர் வீட்டில் தேக்குக் கதவு மாட்டும்போதுதான் எல்லாம் வெடித்தது. கீலுக்குக் கடைசி ஸ்க்ரூ பாக்கி. தம்பியின் பேட்டரி செத்துப்போனது. கதவைத் தோளில் தாங்கியபடி அவன் நிற்க, அக்காவின் பையில் முழுசாக ஏறிய ஊதா பேட்டரி இருந்தது. அவளுடைய ட்ரில் பட்டறையில் இருந்தது. அந்தப் பேட்டரியைத் தம்பியின் ட்ரில்லில் திருப்பியும் சாய்த்தும் அழுத்தியும் பார்த்தாள். ஏறவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அவமானத்தில் ரசமட்டத்துக்கு மட்டம் தவறியது. “என்னைக் கேக்காம நீ செஞ்ச எதுவும் இனிமே என்கிட்ட ஒட்டாது, போ,” என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் நீட்டிய ஸ்க்ரூ அவன் கையில் நிற்கவில்லை. கை சரியாகத்தான் இருந்தது, ஸ்க்ரூவும் சரியாகத்தான் இருந்தது. நடுவில்தான் ஏதோ சேரவில்லை. பிறகு அவள் அறுத்துக் கொடுத்த பலகைகள் அவன் அடித்த சட்டங்களில் உட்கார மறுத்தன. அளவு நாடாவில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியை அவனால் திறக்க முடியவில்லை. அவன் வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் நழுவிக் கீழே போனாள். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியனும் அவர் மச்சானும் இப்படித்தான் வருடக்கணக்காக ஒருவர் வீட்டு வாசற்படியில் ஒருவர் ஏற முடியாமல் இருந்தார்கள். கடைசியில் பேச்சும் போனது. அவன் சொல்வது அவள் காதில் விழும், ஆனால் உள்ளே இறங்காது; தேய்ந்த ஓட்டையில் ஸ்க்ரூ சும்மா சுற்றுமே, அப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவனுக்கும் அப்படியே. ஒரு நாள் அவன் வெகுநேரம் எதையோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன சொன்னான் என்று தெரியாமல் அவள் ஒரு பலகையை எடுத்து இழைக்க ஆரம்பித்தாள்.

தையல்காரிக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டியது. அவளுடையது காலால் மிதிக்கும் மெஷின், பேட்டரியும் கிடையாது, சார்ஜரும் கிடையாது. அக்கா கொடுக்கும் ஸ்க்ரூவை அவள் வாங்கித் தம்பியிடம் கொடுத்தால் அது நின்றது. பலகையை அவள் ஒரு தடவை தொட்டுவிட்டால் சட்டத்தில் உட்கார்ந்தது. பேச்சும் அப்படித்தான். “கொஞ்சம் அகலமா வேணுமாம், அண்ணி.” “அளவு சொன்னது அவன்தான், போய்ச் சொல்லு.” தையலை விட்டுவிட்டு அவள் இருவருக்கும் நடுவில் நின்றாள். வேலை பழையபடி ஓடியது. அக்காவும் தம்பியும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

முதலில் அவள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்காலம் என்பதால் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். பிறகு தைக்க எடுத்த பாலியெஸ்டர் துணி அவள் விரல் பட்ட இடத்தில் சுருங்கியது. காலையில் கையில் எடுத்த பால் காய்ச்சாமலே ஆடை கட்டியது. அக்காவும் தம்பியும் சண்டை போடும் நாட்களில் இன்னும் மோசம். வசவு முழுக்க அவள் வழியாகத்தானே போக வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றார். கருவிக்கடைக்காரருக்குத்தான் பார்த்தவுடனே புரிந்தது.

“ஒரு கம்பெனி பேட்டரிய இன்னொரு கம்பெனி மெஷின்ல ஏத்த நடுவுல ஒரு அடாப்டர் போடுவாங்க. ஓடும், ஓடாம இல்ல,” என்று அக்காவிடம் சொன்னார். “ஆனா ரெண்டு பக்கமும் இழுக்கற இழுப்புல அது சூடாகும். கவனிக்காம விட்டா ஒரு நாள் கருகிடும்.”

அக்கா நேராகத் தையல்காரியிடம் போய்க் கையைக் காட்டச் சொன்னாள். தையல்காரி கையை முந்தானைக்குள் ஒளித்தாள். பிடித்து இழுத்து விரித்தபோது, உள்ளங்கை இரண்டிலும் இஸ்திரிப்பெட்டி வைத்தது போலப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க ரெண்டு பேரும் பேசறது நின்னு போயிடும், அண்ணி.”

அக்கா சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். ஊதாதான் நல்ல கம்பெனி. அதில் அவளுக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, என்றைக்கும் இல்லை. தம்பியின் ட்ரில் அந்த வருடத்திலேயே மூன்றாம் தடவையாகப் பல்லைக் காட்டியிருந்தது. தான் சொன்னது சரி, அவன் செய்தது தப்பு. அந்தச் சரியை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணைத் தீய்த்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஊதா மெஷின்கள் அத்தனையையும் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், எல்லாவற்றுக்கும் பதிலாகப் பழுப்பு வேண்டும் என்றாள்.

கடைக்காரர் சாக்கைப் பிரிக்கவில்லை. “மாத்தலாம்மா. ஆனா இதுல செஞ்சது எதுவும் அப்புறம் உனக்கு ஒட்டாது. உன் வீடு முழுக்க இதுலதானே செஞ்ச? தம்பிய வேணா மாறச் சொல்லேன்.”

“அவன் மாறினா அவன் வீடு அவனுக்கு ஒட்டாது. உள்ள பொண்டாட்டி இருக்கா. நான் ஒத்தை ஆளு, எனக்கு என்ன போச்சு?”

என்ன போச்சு என்பது அவளுக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலம் பழுப்பு மெஷின்களோடு வீட்டுக்குப் போனாள். சாவி துவாரத்துக்குள் நுழையவில்லை. தானே இழைத்த கதவை உள்ளங்கையால் தடவினாள். மரம் அவளைத் தெரியாதது போல வழுக்கியது. ஜன்னல் வழியாகக் கட்டிலும் பரணும் இழுப்பறைகளும் தெரிந்தன. வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பட்டறையின் பின்னறையில் பாயை விரித்தாள். பின்னாளில் அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. எந்தக் கதவும் சத்தமே போடவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.

காலையில் தம்பி பட்டறைக்கு வந்தபோது கிழக்குச் சுவரில் சார்ஜர் இல்லை. அவனுடைய பேட்டரி ஒன்று அக்காவின் ட்ரில்லில் இருந்தது. அவள் விசையை அழுத்தினாள், சுமாராகச் சுற்றியது. ட்ரில்லை மேசைமேல் வைத்துவிட்டு அவனருகே வந்து, விரல்களை மடக்கி, அவன் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். குட்டு சரியாக விழுந்தது.

“வலிக்குதாடா?”

“வலிக்குதுக்கா,” என்றான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இன்னொண்ணு வையி.”

வைத்தாள். சத்தம் கேட்டுத் தையல்காரி முன்னறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய், பாதியில் விட்ட சட்டைக்குக் காலர் வைக்க உட்கார்ந்தாள்.