கட்டைவிரல் பொய் சொல்லாது

…இல்லை, இது அது இல்லை, படியேறி வந்ததால் அடிக்கிறது, அவ்வளவுதான், லிஃப்ட் ரிப்பேர் என்று எழுதி ஒட்டிவிட்டு இதய டாக்டரை மூன்றாவது மாடியில் உட்கார வைத்திருக்கிறார்களே, எந்தப் புண்ணியவான் யோசனையோ, ஏறி வந்த எல்லார் நெஞ்சும்தான் அடித்துக்கொள்ளும், இதோ எதிர் வரிசையில் அந்தத் தடித்த மனிதர் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார், அவர் பயந்துகொண்டா இருக்கிறார், நான் மட்டும் ஏன்… மூச்சை இழு, மெதுவாக விடு, டாக்டர் போன தடவை சொன்னபடி, இழு, விடு. பக்கத்தில் என் வீட்டுக்காரர், அவர் கையில் என் இடது மணிக்கட்டு, கல்யாணமான புதுசில்கூட இந்த மனிதர் நாலு பேர் பார்க்க இப்படிக் கையைப் பிடித்ததில்லை. இப்போது பிடித்திருப்பதும் கொஞ்சுவதற்கு இல்லை, நாடி பார்க்கிறார். கட்டைவிரலை அழுத்தி, கண்ணைப் பாதி மூடி, உதட்டைப் பிதுக்கி… தன் சைக்கிள் கடையில் டயரை அமுக்கிப் பார்க்கும்போது வருமே, அதே முகம். என்ன என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

எப்போது ஆரம்பித்தது இது? மூக்குக்கண்ணாடிக் கடையில்தான், நான் வேலை பார்க்கிற மேசையிலேயேதான், யாரோ ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடிக்குக் கடுகளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன், திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ தடதடவென்று படியிறங்கி ஓடியது மாதிரி, உள்ளங்கை வேர்த்து, திருகாணி எங்கோ உருண்டு, “என்னம்மா, முகமே வெளுத்துப்போச்சு?” என்று அந்த டீச்சரம்மா எழுந்தே விட்டார். போகிறேன் என்றே நினைத்தேன். போகிற நேரத்தில் பெரிய பெரிய விஷயம் எல்லாம் நினைவுக்கு வரும் என்பார்கள், எனக்கோ மாடியில் காயப்போட்ட துணியை யார் எடுப்பார்கள் என்றுதான் வந்தது, வெட்கக்கேடு. அப்புறம் இதே டாக்டர், மார்பெல்லாம் ஒயரை ஒட்டி இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி ஒரு நாள் முழுக்க அலையவிட்டார், “கரண்டு கனெக்‌ஷன் குடுத்துட்டாங்களா, தொட்டா ஷாக் அடிக்குமா?” என்று இவர் வீட்டில் கிண்டல் வேறு, கிண்டல் பண்ணிக்கொண்டே ராத்திரி முழுக்க விழித்திருந்தார். முடிவு வந்தது. “இதயம் நல்லா இருக்கும்மா. பயந்தா அது வேகமா ஓடும். சில நேரம் ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வந்துடும், அடுத்தது கொஞ்சம் தாமதிக்கும், அதுதான் விட்டுப்போன மாதிரி தெரியுது. அதைக் கண்டு பயந்தா இன்னும் ஓடும். பதற்றம்தான் உங்களுக்கு, நோய் இல்ல” என்றார் டாக்டர், அப்படியே காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

அந்தச் சந்தோஷம் நீடித்ததா, எங்கே நீடித்தது, மறுநாள் காலையிலேயே இவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு “கையைக் குடு” என்றாரே. தெருவில் இவருடைய கட்டைவிரலுக்குத் தனி மரியாதை. டயரில் காற்று எவ்வளவு என்று அளக்கிற கருவி கடையில் ஆணியில் தொங்குகிறது, தூசி படிந்து, “அது பொய் சொல்லும், என் கட்டைவிரல் பொய் சொல்லாது” என்பார், சொன்னது தப்பியதும் இல்லை, வந்தவர்கள் சந்தேகப்பட்டு அளந்து பார்த்து வாயை மூடிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த விரல் என் மணிக்கட்டில் உட்கார்ந்து, கொஞ்சநேரம் பொறுத்து, “ஒரு துடிப்பு விடுதே…” என்றது. டாக்டர் சரியென்று சொல்லிவிட்டாரே என்றால், “அவரு மிஷினு ஒரு நாள்தானே பாத்துச்சு? நான் தினம் பாக்கறேன்ல” என்பார். நானே பார்க்கலாம்தான், ஆனால் அது நிஜமாகவே விட்டுவிட்டால்? தினமும் காலையில் “விடுது” என்று அவர் சொல்வார், சொன்னதும் எனக்குப் படபடவென்று வரும், என் முகத்தைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கும், மறுநாள் இன்னும் அதிகமாக விடும். உப்பில்லாமல் சமைக்கிறேன் என்று ஒருவாரம் அவரே அடுப்படியில் நின்று என்னைப் பட்டினி போட்டார். கடையை அடைத்துவிட்டு மதியத்தில் என் கண்ணாடிக் கடை வாசலில் வந்து நிற்பார், “சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்பார், அந்தப் பக்கமாக அவருக்கு என்ன வேலை, ஒன்றும் கிடையாது. எனக்குக் கோபம் கோபமாக வரும், இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னை இப்படியா பயமுறுத்துவது? இன்றைக்கு டாக்டரிடம் அவரே பேசப்போகிறாராம். பேசட்டும். டாக்டர் சரியா, கட்டைவிரல் சரியா, இரண்டில் ஒன்று இன்றைக்குத் தெரிந்துவிடும், கட்டைவிரல்தான் சரி என்றால்… வேண்டாம், மூச்சை இழு, விடு.

“சார், என்ன பண்றீங்க?” ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு போன நர்ஸ் எங்கள் முன்னால் நின்றுவிட்டாள். நாடி பார்க்கிறேன், இப்போதுகூட ஒன்று விட்டது என்றார் இவர், ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி. “கட்டைவிரல்லயா பாக்கறீங்க?” “ஏன், என் கட்டைவிரலுக்கு என்ன கொறச்சல்?” “கொறச்சல் எதுவுமில்ல சார், அதுலயே நல்லா துடிப்பு இருக்கு. அடுத்தவங்க நாடியப் பாக்கறோம்னு நம்மளோடதையே எண்ணிட்டு இருப்போம். இந்த நடு மூணு விரல மட்டும் வைங்க.” வைத்தார். கண்ணைப் பாதி மூடினார், உதட்டைப் பிதுக்கினார், நான் மூச்சுவிடவில்லை, எதிரே தடித்த மனிதர்கூட மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “ஒழுங்கா வருதே… வேகமா வருது, ஆனா ஒண்ணுகூட விடலையே.” இப்போது கட்டைவிரலை வையுங்கள் என்றாள். வைத்தார். “விடுது” என்றார், மெல்ல.

சிரிப்பை அடக்க முடியவில்லை என்னால், ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர, அட மக்கு மனிதரே, இத்தனை நாளாக உங்கள் நாடியை என் கையில் வைத்து எண்ணிவிட்டு என்னையா சாகடித்தீர்கள்! அவரும் சிரித்தார். “அப்ப உனக்கு ஒண்ணும் இல்லடி” என்றார், அவ்வளவு பேர் முன்னால் ‘டி’ போட்டு, “ஒண்ணுமே இல்ல உனக்கு” என்று நாற்காலியில் சாய்ந்து, தோளெல்லாம் தளர்ந்து, எத்தனையோ மாதம் கழித்து என் பழைய வீட்டுக்காரர் முகம் அது. அப்படியொரு சந்தோஷம். அதற்கு மேல் அவர் யோசிக்கவே இல்லை. என் சிரிப்புதான் பாதியில் நின்றது, அப்படியானால் விடுவது யாருடையது, நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், “இவருக்கும் ஒரு டோக்கன் போட்டுடட்டுமா?” என்றாள் தாழ்ந்த குரலில்.

எனக்கெதுக்கு, நான் கல்லு மாதிரி இருக்கேன் என்று அவர் பேசிக்கொண்டே இருக்க, நான் அவர் மணிக்கட்டைத் திருப்பி என் மூன்று விரலை வைத்தேன். கிரீஸ் போகாத கை. அடிக்கிறது, அடிக்கிறது, அடிக்கிறது… இல்லை… பிறகு ஒன்று, பெரிதாக. என்னை நினைத்துக் கவலைப்பட்டு வந்ததா இது, டாக்டர் எனக்குச் சொன்னாரே அதே பதற்றம்தானா, அப்படியென்றால் இப்போது கவலை தீர்ந்ததே, நின்றுவிட வேண்டும்தானே, நில்லேன்… அடிக்கிறது, அடிக்கிறது… இல்லை. நான் போய்விடுவேன், நான் போய்விடுவேன் என்று எத்தனை ராத்திரி நடுங்கினேன், இவர் போய்விடுவாரோ என்று ஒரு ராத்திரிகூட நினைத்ததில்லையே, அது எப்படி, அந்த நினைப்பை மட்டும் தொடவே எனக்குத் துணிச்சல் இல்லையா?

“என்ன சொல்லுது?” என்றார், சிரிப்பு மாறாமல். தினம் காலையில் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னாரே இந்த மனிதர், நான் விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.

“பேசாம இருங்க” என்றேன். “இன்னும் பாத்துட்டு இருக்கேன்.”