படி ஏறுவீர்களா என்ற கேள்வி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், திருநாவுக்கரசு வீட்டில் ஓசித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கதையும் அவள் பின்னாலேயே வந்துவிட்டது. எண்பத்தெட்டாம் வருஷம், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திருநாவுக்கரசு பொய் பேசத் தெரியாத மனிதர் –"

வேண்டாம். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அடுத்து: "முழங்கால் நொறுங்கிய ஓர் ஏழைத் தொழிலாளியின் கண்ணீர் –"

அதுவும் வேண்டாம். அவர் அழுது யார் பார்த்தது? திட்டித்தான் பார்த்திருக்கிறோம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கிடங்கில் அரிசி மூட்டைகள் சரிந்து அவருடைய வலது முழங்காலில் விழுந்தன. வேலை போனது. பல நாள் இழுத்தடித்த பிறகு, ஊனமுற்றோருக்கான உதவிப் பணம் மாதாமாதம் வரத் தொடங்கியது. வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். யாராவது வந்து அதை நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். இந்தக் கதையில் வேறு பயம் கிடையாது, தேட வேண்டாம்.

2

வந்த பெண்ணின் பெயர் ஹமீதா. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கையில் அட்டை, அதில் கேள்வித்தாள், காதோரம் பென்சில்.

"உதவிப் பணம் வாங்குறவங்க எப்படி வாழுறாங்கன்னு ஆராய்ச்சி பண்றோம் அங்கிள். பணம் குடுக்குற ஆபீசுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"யாரு அனுப்புனா?"

"எங்க புரொஃபசர்."

"அவர யாரு அனுப்புனா?"

"ஐயோ அங்கிள், பேரே எழுத மாட்டோம்லா. எல்லாம் நம்பர்தான். கம்ப்யூட்டர்ல போட்டுக் கூட்டிப் பார்ப்போம், அவ்ளோதான்."

"பேரு வேணாம்னா, என் வீடு எப்படித் தெரிஞ்சது?"

"அது... லிஸ்ட்ல இருந்துச்சு."

"பாத்தியா!" என்று திருநாவுக்கரசு என் பக்கம் திரும்பினார். நானும் தலையாட்டினேன். லிஸ்ட் வைத்திருப்பவரை நானும் நம்புவதில்லை.

(இந்த இடத்தில் ஹமீதாவை வேவு பார்க்க வந்தவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திருநாவுக்கரசின் மனைவி வள்ளியம்மா கொடுத்த தேநீரை அடிச்சர்க்கரை வரைக்கும் குடித்தாள். வேவு பார்க்க வந்தவள் பாதி மீதி வைப்பாள்.)

எல்லாக் கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் சுலபமாக முடியும். ஐந்து என்றால் அறவே முடியாது.

"யாரோட உதவியும் இல்லாம படி ஏற முடியுமா அங்கிள்?"

"அஞ்சு."

"இது மூணாவது மாடி."

"அதான்மா, நான் எறங்கறதே இல்ல."

அடுப்படியிலிருந்து வள்ளியம்மாவின் குரல் வந்தது. "அப்போ காலையில பசார் போயி கெம்போங் மீன் வாங்கிட்டு வந்தது யாரு, உங்க ஆவியா?"

ஹமீதா சிரிப்பை அடக்கப் பென்சிலைக் கடித்தாள். திருநாவுக்கரசு அசரவில்லை. "கைப்பிடிக் கம்பியப் புடிச்சு ஏறுனேன். கம்பி உதவிதானே? எழுதும்மா, அஞ்சு."

அவள் ஐந்து போட்டாள்.

3

இங்கேதான் கதை மாட்டிக்கொள்கிறது. மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கும் வித்தையெல்லாம் எனக்குப் பிடிக்காது, இப்போதே சொல்கிறேன்.

பணம் வருமா வராதா என்று இழுபறியாக இருந்தபோது, திருநாவுக்கரசு முருகனிடம் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். "கால் போனதுக்குப் பணம் கெடைச்சா, தண்ணிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து நடந்தே படி ஏறுறேன்."

ஆமாம். நடக்க முடியாதவன் என்று ஆபீஸ் ஒத்துக்கொண்டால், நடந்து வந்து நன்றி சொல்வதாக.

"வேற எதாச்சும் வேண்டியிருக்கக் கூடாதா?" என்று வள்ளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மொட்ட போட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

"அப்ப வாயில அதான் வந்துச்சு."

4

தைப்பூசத்தன்று அவர் ஏறினார். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தலையில் பால்குடம். இடது காலை வைப்பார், வலது காலை இழுத்துச் சேர்ப்பார், நின்று மூச்சு வாங்குவார். வள்ளியம்மா முதுகில் கை கொடுத்தபடி பின்னால் வந்தார். பாதி மலையில், தோழிகளோடு திருவிழா பார்க்க வந்த ஹமீதா எதிரே இறங்கி வந்தாள்.

முகத்தை மூட வழியில்லை. இரண்டு கையும் குடத்தில்.

முடிவு ஒன்று: அவள் ஐந்தை அழித்துவிட்டு ஒன்று போடுகிறாள், பணம் நின்று –

இதை எழுதினால் எனக்கு அந்த வீட்டில் தேநீர் நின்றுவிடும்.

முடிவு இரண்டு: கடைசிப் படியில் முழங்கால் குணமாகி, கூட்டமே அரோகரா என்று –

குணமானாலும் பணம் நிற்குமே. முருகனை ஏன் அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டும்?

உண்மையில் அவள் கேட்டது இதுதான்:

"அங்கிள்... வலிக்குதா?"

"உசுரு போவுது."

"அன்னிக்கு முடியாதுன்னு சொன்னீங்க."

"முடியாதுதான்மா."

"இப்போ ஏறுறீங்களே?"

"முடியாமத்தான் ஏறுறேன்!"

5

கேள்வித்தாள் கட்டு இன்னும் ஹமீதாவின் அறையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்தால் போதும். அந்தக் கட்டத்தில் ஐந்தை விட்டுவைப்பதா, ஒன்று போடுவதா? முடியாமல் ஏறுகிறவருக்கு எந்த எண்? அவளுக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்றும் நான் நம்பவில்லை.

அதனால் பென்சிலை உங்களிடம் தருகிறேன். நீங்கள் எண்ணைப் போடும்வரை நான் அடுத்த வரி எழுதப்போவதில்லை. திருநாவுக்கரசு அந்தப் படியிலேயே நிற்பார். குடத்தை வழியில் கீழே இறக்கக் கூடாது. வெயில் வேறு ஏறுகிறது.

பால் திரிவதற்குள் சொல்லுங்கள்.