ஐந்து நட்சத்திரச் சூனியக்காரி

வஸீலா எழுதிய நாவலில் வரும் சூனியக்காரிக்கு மையித்து குளிப்பாட்டுவதுதான் தொழில். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி முடித்ததும், மிஞ்சிய தண்ணீரையும் கரைந்துபோன சோப்பையும் அங்கிக்குள் மறைத்து எடுத்துப் போவாள். அடுத்தவள் குடியைக் கெடுக்க நினைக்கிறவர்கள் அவற்றை வாங்கிப் போவார்கள். அல்ஜீரியாவில் இந்தப் பயத்தைத் தாய்ப்பாலோடு சேர்த்தே ஊட்டிவிடுவார்கள். எழுதும்போது வஸீலாவே இரண்டு முறை எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் அவளை வெறும் ராட்சசியாக விட மனம் வரவில்லை. அதனால் ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அவள் இறந்தவளின் காதருகே குனிந்து, "பயப்படாதே கண்ணு, இப்போ தண்ணி ஊத்தப் போறேன்" என்று சொல்வாள். புத்தகத்தில் கற்பனை இல்லாதது இந்த ஒன்று மட்டும்தான். அது மிலியானா ஊரில் வஸீலாவின் தெருக்கோடியில் குடியிருந்த கைராவின் பழக்கம்.

கைராவை ஊரே சின்னம்மா என்றுதான் கூப்பிடும். முப்பது வருடமாக மையித்து குளிப்பாட்டுகிறார். ஒரு வாய் காப்பியைத் தவிர எந்த வீட்டிலும் எதுவும் வாங்கியதில்லை. வஸீலாவின் அம்மா ஃபதீலாவுக்கு உயிர்த்தோழி. இதய நோயில் படுத்துவிட்ட அம்மா, கைரா வரும்போதெல்லாம் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"என்னைக் குளிப்பாட்டுறது நீதான். வேற எவளும் என்மேல கை வைக்கக் கூடாது."

"முதல்ல நீ செத்துக் காட்டுடி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் கைரா. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நாவல் வெளிவந்த மாதமே ஃபேஸ்புக்கில் இருந்த பெரிய வாசகர் குழு ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. நாற்பதாயிரம் பேர் இருக்கும் குழு அது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. 'ஐந்து நட்சத்திரம், மூன்று நாள் விளக்கை அணைக்காமல் படுத்தேன்' என்றாள் ஒருத்தி. 'மூன்று நட்சத்திரம், மந்திரத்தின் அளவுகளைச் சரியாகச் சொல்லவில்லை' என்று குறைப்பட்டாள் இன்னொருத்தி. 'ஒரு நட்சத்திரம், இது ஹராம், இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்' என்று எழுதினார் ஒரு புண்ணியவான். வஸீலா எல்லாவற்றையும் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டிச் சிரித்தாள்.

பதினோராம் நாள் ஒருத்தி எழுதியிருந்ததைப் படித்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

'ஐந்து நட்சத்திரம். இது கதையே இல்லை. மிலியானாவில் என் மாமியாரைக் குளிப்பாட்டியவளும் இதே மாதிரி காதில் ஏதோ ஓதினாள். அதற்கப்புறம் எனக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. அவளை எனக்குத் தெரியும்.'

கீழே அறுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். 'எங்கள் வீட்டுக்கும் அவள்தான் வந்தாள்' என்றார்கள் சிலர். யாரோ தெருவின் பெயரைப் போட்டார்கள். வேறு யாரோ பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள்.

வஸீலா பதறிப்போய், எல்லாமே தன் கற்பனை என்று குழுவில் எழுதினாள். 'பாவம், மிரட்டிவிட்டார்கள்' என்று பதில் வந்தது. 'இவருக்கும் செய்வினை வைத்துவிட்டாள் போல, வீட்டு வாசலில் உப்பு போடச் சொல்லுங்கள்' என்று இன்னொன்று. குழுவை நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்து கெஞ்சினாள். "வாசகர் கருத்தை நான் எப்படி அழிக்கறது அக்கா? அது அவங்க உரிமை. உங்களுக்கு நல்லதுதானே, இந்த மாசம் நீங்கதான் முதலிடம்" என்று அவள் வாழ்த்துச் சொன்னாள். கடைசியில் வேறு பெயரில் உள்ளே போய்த் தன் நாவலுக்குத் தானே ஒரு நட்சத்திரம் போட்டு, எழுதியவள் அத்தனையும் பொய் சொல்கிறாள் என்று எழுதினாள். இருநூறு பேர் அவள்மேல் பாய்ந்து, அவளிடமிருந்தே அவளுடைய நாவலைக் காப்பாற்றினார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இதுதான் அது.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் நான்கு பெண்கள் இறந்தார்கள். ஒரு வீட்டிலிருந்தும் கைராவுக்கு ஆள் வரவில்லை. நான்காவது வீடு அவருடைய பக்கத்து வீடு. அன்று மாலை அவர் வஸீலாவிடம் வந்தார்.

"ஏன்டி, என் பேரைப் புத்தகத்துல போட்டியா?"

"சத்தியமா இல்ல சின்னம்மா. பேரே போடல."

"பேரே போடாமலா எல்லாரும் என்னைக் கண்டுபிடிச்சாங்க?"

வஸீலா அழுதாள். எல்லாவற்றையும் மறுத்துப் பத்திரிகையில் பெரிதாக எழுதப் போவதாகச் சொன்னாள்.

"ஐயோ, வேணாம் தாயி. நீ எழுதின வரைக்கும் போதும்" என்றார் கைரா. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. வஸீலாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. உள்ளே அம்மாவிடம் போனவர், வழக்கம்போலக் கேலி பேசிவிட்டுத்தான் கிளம்பினார். அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

பங்குனி வெயில் லேசாக உறைக்கத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மாவின் மூச்சு அடங்கியது. பத்து மணிக்கெல்லாம் பிளீதாவிலிருந்து பெரியம்மா ஸக்கியா வந்துவிட்டார். வீட்டின் நிர்வாகமும் அவர் கைக்குப் போய்விட்டது. கைரா யாரும் கூப்பிடாமலே துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும் கைரா. குளிப்பாட்ட பக்கத்து ஊர் கெமிஸ்ல இருந்து ஆள் வருது. நீ சிரமப்பட வேணாம்."

கைரா படியிறங்கி, எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். வஸீலா பெரியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"பெரியம்மா, அது நான் இட்டுக்கட்டின கதை. நானேதான் எழுதினேன்!"

"தெரியும். நீ எழுதினதாலதானே எங்களுக்கே தெரிய வந்துச்சு."

"அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? படிச்சவங்க எழுதினதைப் படிச்சேன்."

"அம்மா ஆசைப்பட்டாங்க. சாகற வரைக்கும் அதையேதான் சொன்னாங்க."

"உங்கம்மா நல்லவ, அவளுக்கு என்ன தெரியும்? எனக்குக் கல்யாணத்துக்கு ரெண்டு பேத்தி நிக்கறாங்க. உன் கதையில அந்தச் சூனியக்காரி குளிப்பாட்டின வீட்டுப் பொண்ணு என்ன ஆனா? அதை நீயே சொல்லு."

மூன்று முறை நிச்சயம் ஆகி மூன்று முறையும் முறிந்தது என்று வஸீலாதான் எழுதியிருந்தாள். அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். சுற்றி நின்ற சித்தி, மாமி, மச்சினி எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அடித்துச் சண்டை போடவும் முடியாது. நடுவீட்டில் அம்மா போர்த்தியபடி கிடக்கிறார்.

கெமிஸிலிருந்து வந்தவள் வாட்டசாட்டமானவள், அவசரக்காரி. மதியத் தொழுகைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றாள். அறைக்குள் அவளோடு பெரியம்மாவும் வஸீலாவும் இருந்தார்கள். அவள் சட்டென்று சொம்பைக் கவிழ்த்தாள், உடலைத் திருப்பினாள், மறுபடி கவிழ்த்தாள். முறை எதுவும் தப்பவில்லை. அரை மணியில் வேலை முடிந்தது. கற்பூர வாசனையோடு வெள்ளைக் கஃபன் துணியில் அம்மா சின்னதாகத் தெரிந்தார்.

ஆண்கள் அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பியதும் வஸீலா வெளியே ஓடினாள். கைரா அதே சுவரோரம் நின்றிருந்தார். மூட்டை இன்னும் கக்கத்தில் இருந்தது. வஸீலா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சின்னம்மா, என்னால முடியல சின்னம்மா. நான் சொல்லிப் பார்த்தேன்."

"சரி விடு, அழாதே. தண்ணி வெதுவெதுப்பா இருந்துச்சாடி? அவளுக்குப் பச்சைத் தண்ணி ஆகவே ஆகாது."

வஸீலா யோசித்தாள். வாளி அவள் காலடியில்தான் இருந்தது. ஆவி வந்ததா என்று நினைவில்லை. தொட்டுப் பார்க்கவும் இல்லை. அந்த அரை மணி நேரமும் அவள் வந்தவளின் கைகளைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையாவது மறைக்கிறாளா என்று.

"சொல்லேன்டி" என்றார் கைரா.

"சூடாத்தான் இருந்துச்சு சின்னம்மா" என்றாள் வஸீலா.