இன்னும் ஒண்ணு பாக்கி

எங்கள் கட்டடத்துப் பன்னிரண்டு வீடுகளில் பதினொன்றில் ஒரே மாதிரி அழைப்பு மணி, அழுத்தினால் குருவி மாதிரி கத்தும். ஒரே கடையில், ஒரே மாதத்தில் வாங்கியவை. எந்த வீட்டு வாசலில் குருவி கத்தினாலும் பதினோரு வீட்டிலும் ஆள் எழுந்துவிடும். என்னைப் போன்றவளுக்கு அது வசதி. பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்கத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை.

மணி மாட்டாத ஒரே வீடு, இரண்டாம் மாடியில் என் எதிர்வீடு. டைப்பிஸ்ட் அக்கா வீடு. ஏன் மாட்டவில்லை என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை என்றால் விஷயம் எவ்வளவு கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'கதவுக்கு அந்தப் பக்கம்' என்று ஒரு பேய்த் தொடர். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு வரும். ஏழரை மணிக்கு வந்த ஏழரை என்றுதான் இப்போது சொல்லத் தோன்றுகிறது. அதில் வரும் பேய், வீட்டு மனிதர்களின் குரலிலேயே வாசலில் நின்று கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது உயிரோடு இருக்கிற ஆள், தைரியமாகத் திறக்கலாம். கதை அவ்வளவுதான். அதை எங்கள் கட்டடமே சட்டமாக எடுத்துக்கொண்டது. முதலில் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்தார்கள், பிறகு பெரியவர்கள் பிள்ளைகளைச் சாக்கு வைத்துச் செய்தோம். சிலிண்டர் போடுகிறவர்கூட வாசலில் நின்று மூன்று தடவை கத்திவிட்டு, தலையில் அடித்துக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தத் தொடரின் புது சீசன் வருகிறது என்று செய்தி வந்ததும், தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி மட்டுமே பேசிவந்த எங்கள் வாட்ஸாப் குழு உயிர் பெற்று எழுந்தது. டிரெய்லர் வந்த அன்றே கட்டடம் இரண்டு கட்சியானது. தொடரில் வரும் வீட்டின் பழைய மரக்கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள், உள்ளே இருப்பவருக்குப் பேய் நிற்பது பளிச்சென்று தெரியுமே, பிறகு எதற்குக் கூப்பிட வேண்டும் என்று முதல் மாடிக் கம்பவுண்டர் கேட்டார். பேய்க்கு வயதே ஆகவில்லை, அந்த வீட்டு மாமனாருக்கு மட்டும் கன்னம் உப்பிவிட்டது என்று மூன்றாம் மாடி டீச்சரம்மா வருத்தப்பட்டார். மொட்டைமாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்த டியூஷன் மாஸ்டர், பழைய சீசனை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததாகவும் பயமே வரவில்லை என்றும் எழுதினார். பேய் ஓட்டமாக ஓடி வந்தால் சிரிப்புத்தான் வரும் என்று கம்பவுண்டர் பதில் போட்டார்.

டைப்பிஸ்ட் அக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. முதல் எபிசோடு வெளியான மறுநாள் காலையில்தான் குழுவில் அவரிடமிருந்து செய்தி வந்தது. வரும் வெள்ளிக்கிழமை எல்லோரும் தன் வீட்டுக்கு வந்து, அதே எபிசோடைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று.

குழு கப்சிப். காரணம், அந்த எபிசோடு பழைய சீசனின் கடைசிப் பத்து நிமிஷத்தோடு தொடங்குகிறது. வெட்டாமல், மேளச் சத்தத்தோடு அப்படியே போட்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை முதல் தடவை நாங்கள் பார்த்தது அக்கா வீட்டில். கட்டடத்தில் அப்போது பெரிய டிவி அவரிடம்தான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். அலுவலகம் போய் வருகிற மனைவியைக் 'கலெக்டரம்மா' என்பார். எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தவரும் அவர்தான். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. தொடர் வந்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்தால் பேய் மாதிரி நடுங்கிய குரலில் இரண்டு தடவை கூப்பிட்டு, படியில் ஒளிந்து நின்று, நாங்கள் உள்ளே சிரித்து முடித்ததும் மூன்றாவது தடவை கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார்.

"கலெக்டரம்மா, கதவத் திற."

அக்கா எழுந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் நான். அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். "இருங்கக்கா, இன்னும் ரெண்டு பாக்கி." எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது குரலும் வந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். அப்புறம் மேளம் தொடங்கிவிட்டது.

தொடர் முடிந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்காரர் மூன்றாவது படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கருவிப் பை. கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார். முதல் குரலுக்கே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா அவரிடம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான், அதையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். மூணாவது தடவை கூப்பிட்டாரா? இல்லை என்றோம். என்னிடம் மட்டும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன்.

அந்த மாதம்தான் பதினோரு வீட்டிலும் குருவி வந்தது.

வெள்ளிக்கிழமை போகாமலிருக்க எல்லோருக்கும் ஆசைதான். யார் வரவில்லை என்று எதிர்வீட்டுக்காரி நான் பார்த்துவைப்பேன் என்ற பயத்தில் எல்லோரும் வந்தார்கள். உள்ளே போனால், நாற்காலிகள் அன்று கிடந்தபடியே கிடந்தன. டீச்சரம்மாவுக்கு ஜன்னல் ஓரம், கம்பவுண்டருக்கு அலமாரிப் பக்கம். செத்துப்போன இரண்டு பேருக்கும் வெளியூர் போய்விட்ட மூன்று பேருக்கும்கூட நாற்காலி போட்டு, காலியாக விட்டிருந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.

"அன்னிக்கு ரிமோட் உன்கிட்டதான இருந்துச்சு?" என்று அதை என் கையில் கொடுத்தார் அக்கா.

பிறகு ஒரு தாளை எடுத்து வாசித்தார். முப்பது வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அல்லவா, நேரம் நேரமாகப் பிரித்து அடித்திருந்தார். மாஸ்டர் மூன்றாவது படியில் நிற்க வேண்டும். ஏழு முப்பத்து நாலுக்கு ஒரு தடவை, முப்பத்தாறுக்கு ஒரு தடவை, மேளம் உச்சத்தில் இருக்கிற முப்பத்தெட்டுக்கு ஒரு தடவை, "அக்கா, கதவத் திறங்க" என்று சாதாரணக் குரலில் கூப்பிட வேண்டும். அவரிடம் ஒரு நகல் கொடுத்தாகிவிட்டது. மேளத்தைத் தாண்டி மூன்றாவது குரல் உள்ளே கேட்கிறதா இல்லையா, அவ்வளவுதான் தனக்குத் தெரிய வேண்டும் என்றார் அக்கா. கேட்டால், அன்று வீட்டுக்காரர் மூன்றாவது தடவை கூப்பிடவில்லை என்று முடிவு செய்துகொள்வாராம். கேட்காவிட்டால், கூப்பிட்டும் நாங்கள் கேட்கவில்லை என்று.

மாஸ்டர் இதை ஏதோ யூடியூப் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே போனார். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை அக்காவே போட்டார்.

ஏழரைக்குத் தொடர் ஓடத் தொடங்கியது. பழைய படம், மங்கலாக இருந்தது. திரையில் அந்த வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தாமாக மூடிக்கொண்டன. நாங்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தோம். முப்பத்து நாலுக்கு மாஸ்டர் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்தது. முப்பத்தாறுக்கு இரண்டாவது குரல். அதில் சிரிப்பு இல்லை. தனியாகப் படியில் நிற்கிறவருக்கு அதற்குள் அலுத்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

மேளம் தொடங்கியது. அறையில் தம்ளர்கள் அதிர்ந்தன. டீச்சரம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

"கலெக்டரம்மா."

கதவு மரத்துக்கு அந்தப் பக்கம், என் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில். மூச்சு வாங்கிக்கொண்டு.

"கலெக்டரம்மா, முடியல. கதவத் திற."

மேளம் திடீரென்று கூடியது. அறையே அதிர்ந்தது. நான் ரிமோட்டைப் பார்த்தேன். என் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

மேளம் ஓய்ந்ததும் முதலில் பேசியது டீச்சரம்மா. மூன்றாவது குரல் தனக்குக் கேட்கவில்லை என்றார். கம்பவுண்டரும் இல்லை என்று தலையாட்டினார். அக்கா தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தார். படியில் யாருமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து மாஸ்டர் தடதடவென்று ஏறி வந்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். அதனால் தெருவுக்கே போய் நின்றுவிட்டாராம். சாரி, மூணாவது தடவை கூப்பிடலக்கா, என்றார்.

கூப்பிடாத குரல் கேட்கவில்லை, சோதனை வீணாகிவிட்டது என்று கம்பவுண்டர் நிம்மதியாக எழுந்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. அவர் கண் என் கையில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருத்தர் மட்டும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னிக்கும் பேய் மொகத்து மேல பச்சைக் கோடு ஓடுச்சு. சத்தம் கூட்டினா ஓடுமே, அந்தக் கோடு. எதுக்கு ஓடுச்சுன்னு இருவத்திமூணு வருசமா யோசிச்சிட்டிருக்கேன். இன்னிக்கும் அதே எடத்துல ஓடுது."

ரிமோட்டைக் குப்புறத் திருப்பி மடியில் வைத்தேன்.

"மாஸ்டர் கூப்பிடவே இல்ல. கூப்பிடாத கொரலுக்கு எதுக்குடி சத்தத்தக் கூட்டின?"

ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். என் வாய் அன்று மூடிக்கொண்டது. பேய் முகம் காட்டப்போகிற நிமிஷம், இந்த மனுஷன் விளையாட்டு வேறு என்ற எரிச்சலில் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அன்றும் 'முடியல' என்றுதான் சொன்னார், நடிக்கிறார் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். வந்தது ஒரே சொல்.

"கூப்பிட்டாரு."

"அன்னிக்கா, இன்னிக்கா?"

"ரெண்டு நாளும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டும் நான் எந்திரிச்சு வரலன்னு கோவிச்சுக்கிட்டு வாயை மூடிட்டார்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "கோவம் இல்ல. கூப்பிட்டுட்டுத்தான் போயிருக்கார்."

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றார். பத்து மணிக்கெல்லாம் பன்னிரண்டாவது குருவி கத்தியது.

அதற்குப் பிறகு ஆறு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. குழு பழையபடி சூடாக இருக்கிறது. மூன்றாவது எபிசோடில் பேய்க்கு முன்கதை சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்று டீச்சரம்மா, ஐந்தாவதில் கிராபிக்ஸ் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று கம்பவுண்டர். மாஸ்டர் வேகத்தைக் கூட்டாமல் பார்க்கிறாராம், அதுவும் கீழே டீக்கடையில் உட்கார்ந்து. நான் எதுவும் எழுதுவதில்லை. ரேடியோவுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் வீட்டில் மணி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏழு முப்பத்து நாலுக்கு அதை யாரும் அழுத்துவதில்லை. வாசலில் கருவிப் பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கிறது. "ரேடியோ, கதவத் திற" என்ற குரல் வருகிறது. இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. கதவுத் துளை வழியாகப் பார்த்தால் எதிரே அக்கா வீட்டுப் புது மணி மட்டும் தெரிகிறது. ஊரார் வாசலையெல்லாம் எட்டிப் பார்த்தவள் நான், என் வாசலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை இதுவரை வரவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கடைசி எபிசோடு. தனியாக இருக்க முடியாது என்று, எல்லோரும் என் வீட்டில் சேர்ந்து பார்க்கலாமே எனக் குழுவில் எழுதினேன். கம்பவுண்டருக்கு அன்று பார்த்து முதுகுவலி. டீச்சரம்மா ஊரில் இல்லையாம். மாலையில் குருவி கத்தியது. திறந்தால் அக்கா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் எத்தனை தடவை கூப்பிட்டாகிவிட்டது என்று கேட்டார். ரெண்டு, என்றேன்.

"வெள்ளிக்கிழமை நான் வரேன்" என்றார். "ரிமோட்ட மட்டும் என்கிட்ட குடுத்துடு."