பொட்டு வைக்காத கம்ப்யூட்டர்

ஆயுதபூஜையன்று காலை, உரக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீசில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. புது லேப்டாப், மகாலட்சுமியின் லேப்டாப், பிரிண்டர், இன்வெர்ட்டர், ஏன், சுவரில் தொங்கிய நெட் பெட்டிக்குக்கூட ஒரு தீற்றல் சந்தனமும் ஒரு சாமந்தியும் கிடைத்தன. கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது கக்கூசில் இருந்தது.

தேவேந்திரன்தான் முந்தின நாள் சாயந்தரம் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் வராமல் பூட்டிக் கிடந்த கக்கூசுக்குள், உடைந்த பக்கெட்டுக்குப் பின்னால் வைத்து, கீழே கடையிலிருந்து வாங்கி வந்த யூரியா சாக்கால் மூடினான். திருட்டுப் பொருளை ஒளிப்பவன்கூட இவ்வளவு பதற்றப்பட்டிருக்க மாட்டான்.

“மூலையில வெச்சு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடலாங்க. அது இன்னா பண்ணுச்சு?” என்று பூஜையன்று காலையில் கேட்டாள் மகாலட்சுமி.

“அரி வந்து பாத்தான்னா மானம் போயிடும், மகா.”

அவள் சந்தனம் கரைக்கப் போய்விட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது என்று கேட்டால், இவர்கள் இருவருக்கும் சோறு போட்டது, அவ்வளவுதான். செஞ்சியைச் சுற்றியுள்ள மண்டிகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையைத் தராசில் ஏற்றினால், எடை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போய், சாக்கு எடை கழிந்து, விவசாயி கையில் சீட்டாக வந்து விழும். அந்த சாஃப்ட்வேரைக் கணவனும் மனைவியும் கல்யாணமான புதிதில் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியது விபி என்கிற பழங்காலத்து டூலில். அதை இப்போது எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. மகாலட்சுமி ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியபோது வாங்கிய அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அந்த டூல் மக்கர் பண்ணாமல் ஓடியது. எழுதி முடித்த சாஃப்ட்வேரோ எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும், நெட்டே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மண்டியின் தராசுக்கும் தக்கபடி அதைத் தனித்தனியாகத் தயார் பண்ண இந்தக் கம்ப்யூட்டர்தான் வேண்டும். மண்டிக்காரர்கள் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

முகம் சுளித்தது தேவேந்திரன்தான். கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன், “நீ எதுலடா டெவலப் பண்ற?” என்று கேட்டான். விபி என்று அடிக்க விரல் வரவில்லை. அந்த வாரம் எல்லாரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த புது டூல் ஒன்றின் பெயரை அடித்துவிட்டான். அடித்த பொய்யை மெய்யாக்க வேண்டுமே. வீடியோ வீடியோவாகப் பார்த்தான். ஒன்றை எடுப்பான், பாதியில் அது பழசாகிவிட்டது என்று எவனாவது சொல்வான், உடனே இன்னொன்றுக்குத் தாவுவான். மகாலட்சுமி ஒருத்தியாக வாடிக்கைக்காரர்களின் போனை எல்லாம் எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் எப்படியோ ஒரு புது வெர்ஷனை ஒப்பேற்றினான். பார்க்க லட்சணமாக இருந்தது. நெட் இருந்தால் ஓடியது.

அப்போதுதான் கூடப் படித்த அரிகிருஷ்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. சென்னையில் பெரிய கம்பெனியில் இருப்பவன், பூஜை லீவுக்குச் சொந்த ஊரான தொண்டூருக்கு வருகிறானாம். மண்டி சாஃப்ட்வேரை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோக அவன் கம்பெனி ஆள் தேடுகிறதாம், ஆபீசுக்கு வந்து பார்க்கிறேன் என்றான். தேவேந்திரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘லைவ்வில் ஓடுகிறது’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவலூர்பேட்டை ராஜாங்கம் மண்டியிலும் இன்னும் இரண்டு மண்டிகளிலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினான்.

அரிகிருஷ்ணன் வந்தபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. பூஜை போட்ட பொருளை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் தேவேந்திரன் புது வெர்ஷனைப் போனிலேயே திறந்து காட்டினான். அரிகிருஷ்ணன் பொரியைக் கொறித்துக்கொண்டே பார்த்தான்.

“நல்லா இருக்குதுடா. எங்கனா லைவ்ல ஓடுதா?”

“அவலூர்பேட்டைல ஓடுது.”

வாயை மூடுவதற்குள் ராஜாங்கத்திடமிருந்து போன் வந்தது. வாடிக்கைக்காரர் புகழ்வதை நண்பனும் கேட்கட்டும் என்று தேவேந்திரன் ஸ்பீக்கரில் போட்டான். விதி என்றால் இப்படித்தான் வரும்.

“தம்பி, காலைலேர்ந்து நெட்டு வரல. உன் புதுசு சும்மா சுத்திக்கினே கீது. மல்லாட்ட வண்டிங்க வரிசையா நிக்குது. மேக்க ஒரே கருக்கலா இருக்குது, மழ வந்தா எல்லாம் போச்சு. கையால எழுதுனா ஜனங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அந்தப் பழசயே கொண்டாந்து ஏத்திக் குடுத்துடு.”

பழையது கக்கூசில் இருந்தது. நண்பன் எதிரில் இருந்தான். தேவேந்திரனின் கண் மேசைப் பக்கம் போயிற்று, சந்தனமும் பூவுமாக லேப்டாப்புகள் இருந்தன.

“இன்னைக்குப் பூஜ போட்டாச்சேண்ணே. மிஷினத் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல மொத வேலையா வந்துடறேன்.”



“பூச போட்டாச்சா. அப்ப தொடாத தம்பி, சாமி குத்தம் ஆயிடும். நான் எதனா தார்ப்பா போட்டு மூடிக்கிறேன்” என்று சொல்லி ராஜாங்கம் போனை வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. தேவேந்திரனுக்குக் காது மடல் சுட்டது. அரிகிருஷ்ணன் ஒன்றும் சந்தேகப்படவில்லை, இன்னொரு பிடி பொரியை அள்ளினான். தப்பித்தோம் என்று தேவேந்திரன் மூச்சு விடுவதற்குள் மகாலட்சுமி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“கக்கூசுல இருக்கறதுக்குப் பூஜ போடலயே. அதத் தொட்டா தப்பில்லங்க.”

“இன்னாது?” என்றான் அரிகிருஷ்ணன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்லத் தேவேந்திரனுக்குத் தெம்பு இல்லை. எழுந்து போய், சாக்கை விலக்கி, கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தான். அடியில் ஈரமும் பக்கவாட்டில் ஒட்டடையுமாக அது பொட்டு வைத்த லேப்டாப்புகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. சாம்பல் நிறத் திரை வந்தது.

“விபியாடா? மண்டிங்கள்ள ஓடிட்டிருந்தது இதுதானா?”

“ஆமா.”

“அப்ப குரூப்புல சொன்னது?”

தேவேந்திரன் குனிந்து பென் டிரைவைச் சொருகிக்கொண்டிருந்தான். சொருகிய பிறகும் நிமிரவில்லை. கேட்டவன் கேலியாகக் கேட்டானா, வருத்தத்தில் கேட்டானா என்று பார்ப்பதற்குக்கூட முகம் கொடுக்க முடியவில்லை. “சரிடா, வூட்ல தேடுவாங்க. அப்புறமா பேசலாம்” என்று அரிகிருஷ்ணன் எழுந்தான். மகாலட்சுமி கொடுத்த பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

லீவு நாள், செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையில் வண்டியை நுழைத்து ஓட்டி தேவேந்திரன் அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாங்கம் இவனைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“தொட்டுட்டியா தம்பி?”

தேவேந்திரன் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பழையது ஏறியது. தராசின் எண் திரைக்கு வந்தது, சீட்டு வந்து விழுந்தது. முதல் சீட்டை வாங்கியவள் சின்னப்பொண்ணு என்ற அம்மாள், விடியற்காலையிலிருந்து தன் மூட்டைகளுக்குக் காவல் இருந்தவள். ராஜாங்கம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“பூச போட்ட மிஷின நமக்கோசரம் தொட்டுட்டு வந்துருக்காரு. நல்ல மனுசன்.”

சின்னப்பொண்ணு சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு இவன் தலையில் கை வைத்தாள். “சாமி குத்தத்தயும் ஏத்துக்கினு வந்தியே நைனா. உன் குடும்பம் நல்லா இருக்கணும்.”

“இல்லம்மா, அது வந்து…”

அது பூஜை போடாத கம்ப்யூட்டர் என்று சொன்னால், ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். தேவேந்திரன் அடுத்த சீட்டை அடிக்கத் திரும்பிக்கொண்டான். அரிகிருஷ்ணன் முன்னால் பட்டதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அப்போது தெரிந்தது. ராஜாங்கம் சாயந்தரப் பூஜைக்கு வாங்கி வைத்திருந்த தேங்காய்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவன் கையில் திணித்தார்.

“என் பேரச் சொல்லி ஒடச்சுடு. தொடச் சொன்னது நானு, குத்தமும் என்னோடதாவே இருக்கட்டும்.”

தேவேந்திரன் அந்தத் தேங்காயை வாங்கிக்கொண்டான். வாங்கியதை நினைக்க நினைக்க வழியெல்லாம் உடம்பு கூசியது.

ஆபீசுக்குத் திரும்பியபோது மகாலட்சுமி பழைய கம்ப்யூட்டரின் ஒட்டடையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தேங்காயை மேசைமேல் வைத்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.  அவள் கேட்டு முடித்து, துணியை மடித்து வைத்தாள்.

கிண்ணத்தில் மிச்சம் சந்தனம் இருந்தது. தேவேந்திரன் அதில் விரலைத் தோய்த்து எடுத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரிடம் போனான். பொட்டு வைக்கக் குனிந்தபோது மகாலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“இப்ப வெக்காதீங்க.”

“ஏன் மகா?”

“இன்னும் ரெண்டு மண்டில உங்க புதுசுதான் இருக்குது. அவங்களும் கூப்புடுவாங்க. பொட்டு வெச்சுட்டா தொட முடியாதுல்ல.”

விரலில் சந்தனம் காய ஆரம்பித்திருந்தது. தேவேந்திரன் அதைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்தான்.